ட்விஸ்ட் யாருடையது? ஹாங்க் பாலர்டும் சப்பி செக்கரும், 1959 முதல் 1962 வரை வந்த இசைத்தட்டுகளும்

#1 பழையதட்டு

ட்விஸ்ட் என்றதும் எல்லாரும் சப்பி செக்கரில் இருந்துதான் கதையை ஆரம்பிக்கிறார்கள். 1960, தொலைக்காட்சி, இடுப்பை ஆட்டும் ஓர் இளைஞன், அமெரிக்கா முழுக்க ஆட்டம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதற்கு முன்னால் இருந்து பேச ஆசை.

ஹாங்க் பாலர்ட் அண்ட் தி மிட்நைட்டர்ஸ் குழு 'தி ட்விஸ்ட்' பாட்டைப் பதிவு செய்தது 1958 நவம்பரில், சின்சினாட்டியில், கிங் ரெக்கார்ட்ஸுக்காக. எழுதியவர் பாலர்ட்தான். மெட்டு அவர்கள் 1957-ல் பாடிய 'இஸ் யுவர் லவ் ஃபார் ரியல்' என்ற தட்டிலிருந்தே வளர்ந்தது. 1959 தொடக்கத்தில் தட்டு வந்தபோது 'தி ட்விஸ்ட்' இருந்தது பி சைடில், அதாவது தட்டின் பின்பக்கத்தில். ஏ சைடில் 'டியர்டிராப்ஸ் ஆன் யுவர் லெட்டர்' என்ற மெதுவான சோகப் பாட்டு, எழுதியவர் ஹென்றி குளோவர். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும். ரிதம் அண்ட் ப்ளூஸ் (கறுப்பினத்தவர் இசை) பட்டியலில் சோகப் பாட்டு 4-வது இடம் வரை போனது, ட்விஸ்ட் 16-வது இடத்தோடு நின்றது.

ஆனால் பையன்களும் பெண்களும் பி சைடுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். அது டிக் கிளார்க் காதுக்குப் போனது. அவருடைய 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' ஃபிலடெல்ஃபியாவிலிருந்து தினமும் மாலையில் நாடு முழுக்க ஒளிபரப்பான நிகழ்ச்சி. பாலர்டின் பெயரோ வானொலிக்காரர்களுக்கு ஏற்கெனவே பயம் தருவது. 1954-ல் அவர்கள் பாடிய 'ஒர்க் வித் மீ, ஆனி' ஆபாசம் என்று பல நிலையங்கள் தள்ளிவைத்த பாட்டு, அப்படியும் ரிதம் அண்ட் ப்ளூஸில் முதலிடம் பிடித்தது. பள்ளிப் பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சியில் அந்தக் குழுவை ஏற்றுவதைவிட, அதே ஊரில் இருந்த கேமியோ-பார்க்வே நிறுவனம் அதே பாட்டைப் புதுப் பையன் ஒருவனை வைத்துப் பதிவு செய்வது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. அந்தப் பையன்தான் எர்னஸ்ட் எவன்ஸ் என்ற சப்பி செக்கர். 1960 ஆகஸ்ட் 6-ஆம் தேதி டிக் கிளார்க்கின் சனிக்கிழமை நிகழ்ச்சியில் ஆடிப் பாடினார். செப்டம்பரில் அமெரிக்காவின் முக்கியப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் முதலிடம்.

இரண்டு தட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். வேகம், குரலின் சாயல், வரிகளின் இடையே விடும் மூச்சு, எல்லாம் அச்சு அசல். செக்கரின் பதிவை வானொலியில் முதலில் கேட்டபோது அது தன் குரல் என்றே நினைத்ததாகப் பாலர்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். என் கருத்து இதுதான்: ட்விஸ்ட் என்ற ஆட்டம் செக்கருடையதாக இருக்கலாம், ட்விஸ்ட் என்ற தட்டு பாலர்டுடையது. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 மீனா_டிரம்ஸ்

அண்ணே, கதை சரி. முடிவில் எனக்கு உடன்பாடில்லை.

செக்கர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். தென் ஃபிலடெல்ஃபியாவில் கோழிக்கடையில் வேலை பார்த்தவர், வாடிக்கையாளர்களுக்குப் பாடிக்காட்டியவர், பலகுரல் வல்லவர். ஃபேட்ஸ் டாமினோ போலப் பாடியதைக் கேட்டுத்தான் டிக் கிளார்க்கின் மனைவி அந்தப் பெயரையே ஒட்டிச் 'செக்கர்' என்று பெயர் வைத்தார் (டாமினோ போலச் செக்கர்ஸும் ஒரு விளையாட்டு). 1959-ல் வந்த அவருடைய முதல் தட்டு 'தி கிளாஸ்', ஒரு வகுப்பறையில் பிரபலப் பாடகர்கள் ஒவ்வொருவரும் எழுந்து பாடினால் எப்படி இருக்கும் என்ற பலகுரல் பாட்டு. அப்படிப்பட்டவரிடம் பாலர்டின் தட்டைக் கொடுத்து 'இதைப் பாடு' என்றால் அச்சு அசலாகத்தான் வரும். அது அவருடைய தொழில்.

தாள வாத்தியம் வாசிக்கிறவளாக ஒன்று சொல்கிறேன். பாலர்டின் பதிவில் குழு முழுதும் சேர்ந்து ஆடுகிறது, கிடார் இடையிடையே பேசிக்கொண்டே இருக்கிறது, தாளம் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. செக்கரின் பதிவில் டிரம்ஸ் முன்னால் வந்து நிற்கிறது. இரண்டாம் அடியும் நான்காம் அடியும் சுளீர் என்று விழுகின்றன. பின்னணியில் தி டிரீம்லவர்ஸ் குழுவின் குரல்கள் பட்டையாக நீள்கின்றன, சாக்ஸபோன் அதன் மேல் ஏறி நிற்கிறது. சின்ன ஸ்பீக்கர் உள்ள தொலைக்காட்சிப் பெட்டியில் எது தெளிவாகக் கேட்டிருக்கும்? செக்கருடையதுதான். ஆடுகிறவனுக்கு அடி காதில் விழ வேண்டும்.

இரண்டுக்கும் அடியில் இருப்பது பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாள அளவுகள் கொண்ட ஒரு சுற்று. இடையில் வேறு மெட்டுக்குத் தாவும் பாலமே கிடையாது, திரும்பத் திரும்ப அதே சுற்று. அதனால் ஆடுகிறவர் எங்கே வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். இந்த அமைப்பு பாலர்ட் கொடுத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் தட்டு என்பது பாட்டு மட்டும் இல்லையே, ஒலியும் சேர்ந்ததுதானே?

#3 சேலம்_ரவி

சின்னச் சந்தேகம். செக்கரின் ட்விஸ்ட் இரண்டு முறை முதலிடம் வந்தது என்று படித்திருக்கிறேன், 1960-ல் ஒரு தடவை, 1962-ல் ஒரு தடவை. ஒரே தட்டா, புதுப் பதிவா? எப்படி அப்படி நடந்தது?

#4 பழையதட்டு

ஒரே பதிவுதான் ரவி. இந்த இழையை ஆரம்பித்ததே இதைப் பேசத்தான்.

1960-ல் ஆடியவர்கள் பதின்ம வயதுப் பிள்ளைகள். முதலிடத்தில் ஒரு வாரம் இருந்தது, இறங்கியது. பிள்ளைகள் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். செக்கரே 1961 தொடக்கத்தில் 'போனி டைம்' பாடி மறுபடி முதலிடம் வந்தார். அந்தக் கோடையில் 'லெட்ஸ் ட்விஸ்ட் அகெய்ன்' வந்தது. அதுவே போன கோடையை நினைத்து ஏங்கும் பாட்டு, ஒரே வருஷத்தில் ட்விஸ்ட் பழைய நினைவாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பாட்டுக்கு ராக் அண்ட் ரோல் பிரிவில் கிராமி விருது கிடைத்தது. அந்தப் பிரிவில் கொடுக்கப்பட்ட முதல் விருது அது.

அப்புறம் 1961 இலையுதிர்காலம். நியூயார்க்கில் மேற்கு 45-ஆம் தெருவில் பெப்பர்மின்ட் லவுஞ்ச் என்று ஒரு சிறிய மதுக்கூடம். 200 பேர்கூடக் கொள்ளாத இடம். மாலுமிகளும் தோல் சட்டைப் பையன்களும் வந்துபோகும் இடமாக இருந்ததில், திடீரென்று மேல்தட்டு ஆட்கள் நுழைந்தார்கள். பத்திரிகைகளின் கிசுகிசுப் பத்திகளில் பெயர் வந்தது. கிரெட்டா கார்போ வந்தார் என்றார்கள், வாசலில் கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போலீஸ் தடுப்பு வைக்க வேண்டி வந்தது. பிள்ளைகள் விட்டுவிட்ட ஆட்டத்தைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அக்டோபர் 22-ல் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் செக்கர் வந்தார். பார்க்வே பழைய தட்டை மறுபடி கடைக்கு அனுப்பியது. 1962 ஜனவரியில் இரண்டு வாரம் முதலிடம். வெளிவந்து, இறங்கிப் போய், தனியாக இன்னொரு ஓட்டத்தில் மறுபடி முதலிடம் ஏறிய பாட்டு அதுவரை வேறு எதுவும் இல்லை. மரையா கேரியின் கிறிஸ்துமஸ் பாட்டு வரும்வரை அந்தச் சாதனை தனியாகவே நின்றது.

இப்போது குளோவர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஜனவரி கடைசியில் செக்கரை முதலிடத்திலிருந்து இறக்கியது எது தெரியுமா? 'பெப்பர்மின்ட் ட்விஸ்ட்'. பாடியது அந்த மதுக்கூடத்தின் வீட்டுக் குழு, ஜோயி டீ அண்ட் தி ஸ்டார்லைட்டர்ஸ். தட்டை ரூலெட் நிறுவனத்துக்குத் தயாரித்து, ஜோயி டீயோடு சேர்ந்து எழுதியவர் ஹென்றி குளோவர். 1959-ல் எந்த மனிதரின் சோகப் பாட்டு ஏ சைடில் உட்கார்ந்து ட்விஸ்டைப் பின்னால் தள்ளியதோ, அதே மனிதரின் ட்விஸ்ட் பாட்டு 1962-ல் வந்து ட்விஸ்டை மேலிருந்து தள்ளியது. மூன்று வாரம் முதலிடம்.

குளோவர் கிங் ரெக்கார்ட்ஸின் முக்கியத் தயாரிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். வெள்ளையர் நாட்டுப்புறப் பாட்டையும் கறுப்பர் ப்ளூஸையும் ஒரே ஸ்டூடியோவில் அடுத்தடுத்துப் பதிவு செய்த கறுப்பினத் தயாரிப்பாளர், அந்தக் காலத்தில் அப்படி ஒரு பொறுப்பில் இருந்தவர்கள் மிகக் குறைவு. ட்விஸ்டின் வரலாற்றில் இவர் பெயர் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

#5 தெற்குவாசல்

பாலர்டிடமிருந்து திருடிவிட்டார்கள் என்று இணையம் முழுக்க எழுதுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. பாட்டை எழுதியவர் என்ற உரிமை பாலர்டிடமே இருந்தது, பதிப்புரிமை கிங் ரெக்கார்ட்ஸ் முதலாளி சிட் நேத்தனின் பக்கம். செக்கரின் தட்டு விற்க விற்க அவர்களுக்கும் பங்கு போனது. தவிர, அதே 1960-ல் பாலர்ட் மூலையில் உட்கார்ந்திருக்கவில்லை. 'ஃபிங்கர் பாப்பின் டைம்' ஹாட் 100-ல் 7-வது இடம், 'லெட்ஸ் கோ, லெட்ஸ் கோ, லெட்ஸ் கோ' 6-வது இடம். அவருடைய ட்விஸ்ட் தட்டையும் கிங் மறுபடி இறக்கியதில் அது 28 வரை வந்தது. பாலர்டின் மிகப் பெரிய வருஷமே அதுதான்.

ஐம்பதுகளில் வழக்கமாக நடந்தது வேறு. கறுப்பர் பாட்டை வெள்ளைப் பாடகர் கூர்மையை மழுக்கிப் பாடி விற்பது. இங்கே பாடியவரும் கறுப்பினத்தவர். கறுப்பர் ஆட்டம் ஒன்றை ஒரு கறுப்பு இளைஞன் தேசியத் தொலைக்காட்சியில் ஆடிக்காட்ட, நாட்டின் வரவேற்பறைகளில் வெள்ளைக் குடும்பங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. 1960-ல் இது சின்ன விஷயமா? அதே சமயம், பேண்ட்ஸ்டாண்டில் ஆட வந்த கூட்டத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அநேகமாக இடமே கொடுக்கப்படவில்லை. மேடையில் பாடலாம், கீழே இறங்கி ஆட முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பாலர்டுக்கு நடந்தது அநியாயம் என்றால் அந்த அநியாயம் தட்டில் இல்லை, யாரைத் திரையில் காட்டலாம் என்று முடிவு செய்த இடத்தில் இருக்கிறது.

#6 பார்க்வே811

சேகரிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. செக்கரின் தட்டு எண் பார்க்வே 811. 1960-ல் வந்த முதல் அச்சில் மறுபக்கம் 'டூட்'. 1961 கடைசியில் திரும்ப இறக்கியபோது மறுபக்கத்தை மாற்றி 'ட்விஸ்டின் யுஎஸ்ஏ' வைத்தார்கள். ஆக, கையில் இருக்கும் தட்டு பிள்ளைகள் வாங்கியதா, பெரியவர்கள் வாங்கியதா என்று பின்பக்கத்தைத் திருப்பினாலே தெரிந்துவிடும். பழையதட்டு சொன்ன இரண்டு அலைகளும் இந்த ஒரு எண்ணுக்குள்ளேயே இருக்கின்றன.

இன்னொன்று, இதுதான் முக்கியம். கேமியோ-பார்க்வே சொத்தை 1967-ல் இசைத்துறை நிர்வாகி ஆலன் கிளைன் வாங்கினார், பிறகு அது அவருடைய ஆப்கோ நிறுவனத்தின் கையில். 2005 வரை அந்த மூலப் பதிவுகளை முறையாகச் சிடியாகவே விடவில்லை. அதுவரை கடையில் கிடைத்த 'சப்பி செக்கர் ஹிட்ஸ்' தொகுப்புகளில் பெரும்பாலானவை அவரே பிற்காலத்தில் மறுபடி பாடியவை. உறையில் அதே படம், அதே பாட்டுப் பெயர், உள்ளே வேறு டிரம்ஸ், வேறு குரல். ஒரு தலைமுறையே உண்மையான தட்டைக் கேட்காமல் ட்விஸ்டைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருக்கிறது. இன்றும் ஸ்ட்ரீமிங்கில் இந்த மறுபதிவுகள் கலந்து கிடக்கின்றன. மீனா சொன்ன அந்தச் சுளீர் அடி கேட்கவில்லை என்றால் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது மறுபதிவு.

#7 கோவை_45

ட்விஸ்ட் பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசலாமா? 1961 கடைசியிலிருந்து 1962 நடுவரை யாரெல்லாம் ட்விஸ்ட் தட்டு போட்டார்கள் என்று பார்த்தால் மூச்சு முட்டும். ஃபிராங்க் சினாட்ராவே 'எவ்ரிபடிஸ் ட்விஸ்டின்' பாடினார். எல்விஸின் 'ராக்-எ-ஹூலா பேபி' தட்டின் லேபிளில் 'ட்விஸ்ட் ஸ்பெஷல்' என்று அச்சடித்தார்கள். அட்லாண்டிக் நிறுவனம், ரே சார்ல்ஸ் தங்களை விட்டுப் போன பிறகு, கையில் இருந்த அவருடைய பழைய பாட்டுகளை அள்ளிப் போட்டு 'டூ தி ட்விஸ்ட் வித் ரே சார்ல்ஸ்' என்று ஓர் எல்பி (பல பாட்டுகள் கொண்ட பெரிய தட்டு) விட்டது. போ டிட்லி, டுவேன் எடி, ஏன் கார்ட்டூன் அணில் குழுவான சிப்மங்க்ஸ்கூட விடவில்லை. பில் ஹேலிக்கு அமெரிக்காவில் மவுசு குறைந்திருந்த நேரம் அது. மெக்சிகோவில் ஓர்ஃபியோன் நிறுவனத்துக்குப் பாடிய 'ஃபுளோரிடா ட்விஸ்ட்' அங்கே பெரிய வெற்றி.

இந்தக் குவியலில் பெரும்பகுதி அவசரத்தில் செய்த சரக்கு. ஆனால் நான்கைந்து தட்டுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

சாம் குக்கின் 'ட்விஸ்டின் தி நைட் அவே'. மற்ற எல்லாரும் 'வா, ஆடு' என்று கட்டளை போட, குக் மட்டும் ஓர் இடத்தின் கதையைச் சொல்கிறார். யார் யார் ஆடுகிறார்கள், என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று ஓரமாக நின்று பார்த்துச் சொல்கிறார். தோரணையான ஆள் ஒருவரும், நீல ஜீன்ஸில் ஒருவரும் ஒரே தளத்தில் ஆடுகிறார்கள். பெப்பர்மின்ட் லவுஞ்சில் என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால் பத்திரிகைச் செய்திகளைவிட இந்தப் பாட்டு போதும்.

கிங் கர்ட்டிஸின் 'சோல் ட்விஸ்ட்'. வாய்ப்பாட்டு இல்லை, சாக்ஸபோன்தான் பேசுகிறது. ரிதம் அண்ட் ப்ளூஸில் முதலிடம். சாம் குக் அடுத்து வந்த 'ஹாவிங் எ பார்ட்டி'யில் இந்தத் தட்டைப் பெயர் சொல்லிப் போடச் சொல்கிறார்.

கேரி யுஎஸ் பாண்ட்ஸின் 'டியர் லேடி ட்விஸ்ட்', 'ட்விஸ்ட், ட்விஸ்ட் செனோரா'. நார்ஃபோக்கில் பதிவானவை. கரீபியத் தீவுகளின் கலிப்ஸோ மெட்டு, சுற்றிலும் ஒரு கூட்டம் கைதட்டிக் கத்துகிற இரைச்சல், பதிவே கொஞ்சம் மங்கலாக, கதவுக்கு வெளியே நின்று கேட்பது போல. அந்த மங்கலை நான் மிகவும் விரும்புகிறேன். சுத்தமாகப் பதிவு செய்திருந்தால் செத்திருக்கும்.

செக்கரின் சொந்தப் பாட்டுகளில் டீ டீ ஷார்ப்போடு பாடிய 'ஸ்லோ ட்விஸ்டின்'. அவசரப்படாதே, மெதுவாக ஆடினால்தான் கடைசிவரை தாங்கும் என்கிற பாட்டு. 3-வது இடம். அவருடைய குரல் யாரையும் நகல் எடுக்காமல் ஒலிக்கிற இடம் இதுதான். மீனாவுக்கும் பழையதட்டுக்கும் உள்ள சண்டையில் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

#8 மீனா_டிரம்ஸ்

கோவை அண்ணே, 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டை விட்டுவிட்டீர்களே!

#9 கோவை_45

விடவில்லைம்மா, தனியாக எழுத வைத்திருந்தேன்.

எழுதியவர்கள் பெர்ட் பெர்ன்ஸும் ஃபில் மெட்லியும். 1961-ல் அட்லாண்டிக்கில் தி டாப் நோட்ஸ் என்ற இருவர் குழு பாடியது. தயாரித்தவர் அப்போது இருபத்தோரு வயதே ஆன ஃபில் ஸ்பெக்டர். கேட்டுப் பாருங்கள், அதே வரிகள், ஆனால் வேகம், மெட்டின் ஓட்டம் எல்லாம் வேறு. நமக்குத் தெரிந்த பாட்டு அதில் இல்லவே இல்லை. தன் பாட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று பெர்ன்ஸுக்குத் தாங்கவில்லை. அடுத்த வருஷம் ஐஸ்லி பிரதர்ஸை வைத்து அவரே தயாரித்தார், வாண்ட் நிறுவனத்துக்காக. வேகத்தைக் குறைத்தார், 'லா பம்பா'வை ஒத்த மூன்று ஸ்வரக்கூட்டுகளின் சுழற்சியில் பாட்டை உட்கார வைத்தார். நடுவில் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியேறி ஏறி, கடைசியில் அலறலாக வெடிக்கும் அந்த இடம் இங்கேதான் முழு உருவம் பெற்றது. ஹாட் 100-ல் 17-வது இடம்.

பீட்டில்ஸ் அதை எடுத்தது 1963 பிப்ரவரி 11-ல். முதல் எல்பிக்காக ஒரே நாளில் பத்துப் பாட்டு பதிவு செய்த நாள். லெனனுக்குக் கடும் சளி, தொண்டை கிழிந்திருந்தது. பாடினால் குரல் போய்விடும் என்று தெரிந்து இந்தப் பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார்கள். இரவு பத்து மணி சுமாருக்கு ஆரம்பித்தார்கள். முதல் தடவை பாடியதுதான் தட்டில் இருப்பது. இரண்டாம் தடவை முயன்றபோது குரல் இல்லை. 1964 ஏப்ரலில் அமெரிக்கப் பட்டியலின் முதல் ஐந்து இடங்களும் அவர்களுடையதாக இருந்த வாரத்தில் இது இரண்டாம் இடத்தில் இருந்தது. அதற்குள் ட்விஸ்ட் ஆட்டம் அமெரிக்காவில் பழங்கதை. ஆட்டம் போன பிறகும் பாட்டு நின்றது, ஏனென்றால் அதற்குள் அது ஆட்டத்தைப் பற்றிய பாட்டாக இல்லை, தொண்டையைப் பற்றிய பாட்டாகிவிட்டது.

#10 பாரிஸ்_நிலா

வணக்கம் எல்லாருக்கும். நான் இருப்பது பிரான்ஸில். இங்கே ட்விஸ்ட் என்றால் வயதானவர்கள் முதலில் சொல்லும் பெயர் ஜானி ஹாலிடே. 1961-ல் 'லெட்ஸ் ட்விஸ்ட் அகெய்ன்' பாட்டைப் பிரெஞ்சில் பாடி இளசுகளைக் கிறுக்காக்கியவர். அடுத்த வருஷம் பெதுலா கிளார்க் 'யா யா ட்விஸ்ட்' பாடினார், அது லீ டோர்சியின் நியூ ஆர்லியன்ஸ் பாட்டொன்றின் பிரெஞ்சு வடிவம். இத்தாலியில் பெப்பினோ தி காப்ரியின் 'சான் த்ரோப்பே ட்விஸ்ட்'. இவற்றை நகல் என்று ஒதுக்க என்னால் முடியாது. ஐரோப்பாவில் கனபேருக்கு ராக் அண்ட் ரோல் தங்கள் சொந்த மொழியில் வந்து சேர்ந்ததே இந்தத் தட்டுகளால்தான்.

எதிர்ப்பும் அதே வேகத்தில் வந்தது. 1962-ல் தென் வியட்நாமில் அதிபரின் தம்பி மனைவி மேடம் நூ கொண்டுவந்த ஒழுக்கப் பாதுகாப்புச் சட்டம் நடனத்தையே தடை செய்தது, ட்விஸ்டும் அதில் அடங்கியது. அதே வருஷம் மே மாதம் அமெரிக்காவில் ஐசன்ஹோவர் தன் பெயரில் அமைந்த நூலகத்தின் திறப்பு விழாவில் ட்விஸ்டைச் சொல்லி, நம் அழகுணர்ச்சிக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன ஆயிற்று என்று வருந்திப் பேசினார். ஒருவரையொருவர் தொடாமல் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்து இத்தனை பதற்றம்.

சோவியத் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1964-ல் அர்னோ பாபஜான்யான் இசையில் முஸ்லிம் மகோமாயெவ் மாஸ்கோவைப் புகழ்ந்து பாடிய பாட்டு முழு ட்விஸ்ட். 1967-ல் வந்த 'காகசஸ் கைதி' நகைச்சுவைப் படத்தில் ஒரு பருமனான ஆள் தரையில் நின்று பாடம் எடுக்கிறார்: வலது காலால் ஒரு சிகரெட் துண்டை நசுக்கு, இடது காலால் இன்னொன்றை நசுக்கு, இப்போது இரண்டையும் சேர்த்து நசுக்கு. ஃபிலடெல்ஃபியாவில் செக்கர் சொல்லிக்கொடுத்த அதே சிகரெட் பாடம்!

நம் பக்கம் 1965-ல் 'பூத் பங்களா' இந்திப் படத்தில் மன்னா டே பாடிய 'ஆவோ ட்விஸ்ட் கரேன்' இருக்கிறது. ஆர்.டி. பர்மன் இசை, மெஹ்மூத் இயக்கி நடித்த படம். 'லெட்ஸ் ட்விஸ்ட் அகெய்ன்' மெட்டின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். ஆனாலும் சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறிய மன்னா டே அந்தத் தாளத்தில் எவ்வளவு லேசாக மிதக்கிறார் என்று கேளுங்கள்.

#11 சலங்கை

நடனம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். இவ்வளவு நேரம் தட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், உடம்பைப் பற்றியும் யாராவது பேச வேண்டும்.

செக்கர் சொல்லிக்கொடுத்த பாடம் இரண்டே வரி. கால் முனையால் சிகரெட்டை அணைப்பது போலத் தரையைத் தேய்க்க வேண்டும், குளித்துவிட்டுத் துண்டால் முதுகைத் துடைப்பது போலக் கைகளை இழுக்க வேண்டும். எடை முழுதும் பாதத்தின் முன்பகுதியில், குதிகால் தரையைவிட்டு இலேசாக எழும்பி இருக்கும். முழங்கால் மடிந்திருக்கும். இடுப்பு ஒரு பக்கம் போனால் தோள் எதிர்ப்பக்கம் போகும். எடையை ஒரு காலுக்கு மாற்றினால் மற்றக் காலைத் தூக்கலாம், முழங்காலை இன்னும் மடக்கினால் தரைவரை இறங்கிவிட்டு ஏறலாம். அவ்வளவுதான் முழு ஆட்டமும்.

அதற்கு முன் நடன அரங்கில் ஆண் கையைப் பிடித்து வழிநடத்துவான், பெண் பின்தொடர்வாள். ஜோடியாக ஆடும் ஜிட்டர்பக் ஆட இடம் வேண்டும், பயிற்சி வேண்டும், பழகிய துணை வேண்டும். ட்விஸ்டுக்கு இரண்டடி இடம் போதும். யாரும் யாரையும் நடத்த வேண்டாம். ஒரு பெண் ஆண் வந்து அழைக்கும்வரை சுவரோரம் காத்திருக்கத் தேவையில்லை, நேராகத் தளத்துக்குப் போய் ஆடலாம். பெப்பர்மின்ட் லவுஞ்ச் மாதிரி நெருக்கடியான இடத்தில் இந்த ஆட்டம் ஏன் பிடித்துக்கொண்டது என்பதற்கு இதுவே காரணம். பின்னால் வந்த டிஸ்கோத்தேக்குகளில் எல்லாரும் தனித்தனியாக நின்று ஆடுகிற வழக்கமும் இங்கிருந்து கிளம்பியதுதான்.

எளிது என்று நினைத்து விடாதீர்கள். பாதம் ஒட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பினால் முழங்கால்தான் வாங்கும். அந்தக் காலத்திலேயே மருத்துவர்கள் முதுகையும் முழங்காலையும் பற்றி எச்சரித்தார்கள். வழுக்கும் தரை, தோல் அடி செருப்பு, மடிந்த முழங்கால், இந்த மூன்றும் இல்லாமல் என் மாணவர்களை ஆட விடமாட்டேன்.

மீனா சொன்ன தாளக் கணக்கை நானும் ஒப்புக்கொள்கிறேன். பாலர்டின் தட்டுக்கு என் உடம்பு தளர்ந்து ஆடுகிறது, தோள் பேசுகிறது. செக்கரின் தட்டுக்கு இடுப்பு சரியாக அடியில் விழுகிறது. புதிதாகக் கற்கிறவர்களுக்குச் செக்கர், பழகியவர்களுக்குப் பாலர்ட்.

#12 சேலம்_ரவி

சலங்கை அக்கா, அருமை. ஒரு கேள்வி: 'பல்ப் ஃபிக்ஷன்' படத்தில் ட்விஸ்ட் போட்டிக்கு வரும் பாட்டும் இந்தக் காலத்து ட்விஸ்ட் தட்டுதானா?

#13 பார்க்வே811

இல்லை ரவி. அது சக் பெர்ரியின் 'யூ நெவர் கேன் டெல்', 1964. கல்யாணம் செய்துகொண்ட இளம் ஜோடியின் கதை, ட்விஸ்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆடுகிறவர்கள் ட்விஸ்ட் ஆடுகிறார்கள், அவ்வளவே.

#14 தெற்குவாசல்

செக்கருக்குக் கிடைத்த மரியாதை பற்றியும் சொல்ல வேண்டும். 2008-ல் பில்போர்டு தன் ஹாட் 100 பட்டியலின் ஐம்பதாண்டு நிறைவில், அதுவரை வந்த எல்லாப் பாட்டுகளிலும் முதல் இடத்தை 'தி ட்விஸ்ட்'டுக்குத்தான் கொடுத்தது. 2021-ல் தி வீக்எண்டின் 'பிளைண்டிங் லைட்ஸ்' வரும்வரை அந்த இடம் அதற்கே. ஆனாலும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பாலர்டை 1990-ல் சேர்த்தவர்கள் செக்கரை 2025-ல்தான் சேர்த்தார்கள். நடுவே 2001-ல் அவர் பில்போர்டு பத்திரிகையில் தன் காசில் விளம்பரம் கொடுத்து, அந்த வளாகத்தின் முற்றத்தில் தனக்குச் சிலை வேண்டும் என்று கேட்டார். பலர் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. ஆட்டத்தோடு தன் பெயர் ஒட்டிக்கொண்டதால் பாடகனாகத் தன்னை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்ற வலி அவருடைய பேட்டிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பாலர்ட் 2003-ல் இறந்தார். மிட்நைட்டர்ஸ் குழுவினரை 2012-ல்தான் சேர்த்தார்கள். இரண்டு பேருக்குமே தாமதமாகத்தான் கணக்குத் தீர்ந்தது.

#15 பழையதட்டு

மீனாவும் சலங்கையும் சொன்ன பிறகு மூன்று பதிவுகளையும் வரிசையாகப் போட்டுக் கேட்டேன்: 'இஸ் யுவர் லவ் ஃபார் ரியல்', பாலர்டின் ட்விஸ்ட், செக்கரின் ட்விஸ்ட். பாட்டு பாலர்டுடையது என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஒலி பற்றி மீனா சொன்னது நியாயம், அந்த டிரம்ஸ் இல்லாமல் 1960 செப்டம்பர் நடந்திருக்காது. 'ஸ்லோ ட்விஸ்டின்' பற்றிக் கோவை சொன்னதையும் ஏற்கிறேன்.

இந்த இழைக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த வரிசையில் கேளுங்கள்: முதலில் அந்த மூன்றும், பிறகு 'பெப்பர்மின்ட் ட்விஸ்ட்' முதல் பாகம், 'சோல் ட்விஸ்ட்', 'ட்விஸ்டின் தி நைட் அவே', கடைசியில் டாப் நோட்ஸும் ஐஸ்லியும் பாடிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' இரண்டும். செக்கரைத் தேடும்போது பார்க்வே811 சொன்னபடி 1960 பதிவுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளோவர் கிங் ரெக்கார்ட்ஸில் தயாரித்த மற்றத் தட்டுகளுக்கு நாளை தனி இழை தொடங்குகிறேன்.

#16 மீனா_டிரம்ஸ்

தொடங்குங்கள் அண்ணே. லிட்டில் வில்லி ஜானின் 'ஃபீவர்' அதில்தானே வரும்? 1956, தயாரிப்பு குளோவர். அந்தத் தட்டின் விரல் சொடுக்கு பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.